விட்டதைப் பிடிக்கும் இரட்டிப்பு: ஒரு பந்தய முறையைக் காகிதத்தில் சோதித்துப் பார்ப்பது எப்படி

சூதாட்ட மேசையில் தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் இரண்டு மடங்கு வைப்பதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற தவிப்பே அதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அந்தத் தவிப்புக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தால் கிடைப்பதுதான், 18ஆம் நூற்றாண்டிலேயே மார்ட்டிங்கேல் என்ற பெயரில் ஆடப்பட்டுவந்த இரட்டிப்பு முறை. அதன் விதி ஒரே வரியில் அடங்கிவிடும்: ஜெயித்தால் ஆரம்பத் தொகைக்குத் திரும்ப வேண்டும், தோற்றால் முந்தைய பந்தயத்தைப் போல் இரண்டு மடங்கு வைக்க வேண்டும். இடையில் எத்தனை முறை தோற்றாலும், கடைசியில் ஜெயிக்கும் அந்த ஓர் ஆட்டம் அதுவரை போனதையெல்லாம் மீட்டு, ஆரம்பத் தொகையையும் லாபமாகக் கையில் கொடுத்துவிடும் என்பது இதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதியில் பொய் எதுவும் இல்லை; அதனால்தான் இதை நம்பி இறங்குபவர்களில் கணக்குத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கோளாறு, சொல்லாமல் விட்ட பகுதியில் இருக்கிறது.

அந்தப் பகுதியை வெளியே கொண்டுவரப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஒரு தாள், ஒரு பேனா, பெருக்குவதற்கு ஒரு கால்குலேட்டர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, யார் எந்தப் பெயரில் கொண்டுவந்தாலும் ஓர் இரட்டிப்பு முறையை அரை மணி நேரத்தில் எடைபோட்டுவிடலாம். இங்கே சுழலும் சக்கரத்தில் பந்தை உருட்டிவிடும் ரூலெட் ஆட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அந்தச் சக்கரத்தில் நிகழ்தகவைக் கண்ணாலேயே எண்ணிவிட முடியும். பணத்தை வெறும் ‘அலகு’ என்றே குறிப்பிடுகிறேன். உங்கள் கையில் இருக்கும் பணத்தின் பெயரை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் படிகளை எண்ணுங்கள்

ஒவ்வொரு மேசையிலும் குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு, அதிகபட்சப் பந்தயம் எவ்வளவு என்று ஒரு பலகையில் எழுதியிருக்கும். இணையத்தில் ஆடுவதானால் விதிகளைச் சொல்லும் பகுதியில் அது இருக்கும். சூதாடும் எண்ணத்தோடு போகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நமக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். குறைந்தபட்சம் 10, அதிகபட்சம் 1,000 என்று வைத்துக்கொள்வோம். பத்தில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால் 10, 20, 40, 80, 160, 320, 640 என்று ஏழு படிகள் வரும். எட்டாவது படிக்கு 1,280 வேண்டும். அதை அந்த மேசை ஏற்காது. ஆக, நம் ஏணிக்கு ஏழு படிகள்தான்.

இந்த ஏழையும் கூட்டினால் 1,270 வருகிறது. ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போகும் தொகை அதுதான்; ஆகவே இந்த ஆட்டத்துக்கு வேண்டிய கைமுதல் 10 அல்ல, 1,270 என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். ‘வெறும் பத்தை வைத்து ஆரம்பிக்கலாம்’ என்று சொல்பவர், மீதி 1,260 உங்கள் பையில் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்.

ஏழாவது படியில் நிற்பவரைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். அவர் ஏற்கெனவே 630 அலகு தோற்றிருக்கிறார். இப்போது 640 வைக்கப்போகிறார். ஜெயித்தால் 640 லாபம் வரும், அதிலிருந்து 630 பழைய நஷ்டத்துக்குப் போய்விடும், மிஞ்சுவது 10. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் மேசைக்கு வந்தபோது, ‘பத்து கிடைப்பதற்காக 640 வைப்பீர்களா’ என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஏணியில் ஏறி வந்ததனால் மட்டுமே அது நியாயமான பந்தயமாகத் தெரிகிறது.

ஏணியிலிருந்து விழும் வாய்ப்பு

ஒற்றைப் பூச்சியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள் உள்ளன. அவற்றில் 18 சிவப்பு, 18 கறுப்பு, பூச்சியம் மட்டும் பச்சை. சிவப்பின் மேல் பந்தயம் வைத்தால், பந்து சிவப்பில் விழுந்தால் வைத்த அளவுக்கே லாபம் கிடைக்கும். கறுப்பிலோ பச்சையிலோ விழுந்தால் வைத்தது போய்விடும். ஆகவே 37இல் 18 வாய்ப்பு ஜெயிப்பதற்கு, 19 வாய்ப்பு தோற்பதற்கு. சதவீதத்தில் சொன்னால் தோல்வி 51.35. அந்த ஒற்றைப் பச்சைக் குழிதான் சூதாட்ட விடுதியின் வருமானம். போடப்படும் ஒவ்வொரு 37 அலகிலும் சராசரியாக ஓர் அலகை, அதாவது 2.70 சதவீதத்தை, அது எடுத்துக்கொள்கிறது. இரட்டைப் பூச்சியம் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள் இருப்பதால் அந்தப் பங்கு 5.26 சதவீதமாகிறது. பூச்சியம் விழுந்தால் பாதிப் பந்தயத்தைத் திருப்பித் தரும் பிரெஞ்சு விதி நடப்பில் உள்ள மேசைகளில் அது 1.35 சதவீதமாகக் குறைகிறது. இந்த மூன்றில் எதிலும் அது பூச்சியம் ஆவதில்லை.

ஏழு முறை தொடர்ந்து தோற்கும் நிகழ்தகவை அறிய, 19/37 என்பதை ஏழு முறை தன்னோடு தானே பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் 0.5135 என்று போட்டுப் பெருக்கிக்கொண்டே போனால் 0.0094 என்ற விடை வரும். நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. துல்லியமாகச் சொன்னால் ஏறத்தாழ 106இல் ஒன்று. இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுபவர்கள்தான் மிகுதி. ‘நூறில் தொண்ணூற்றொன்பது முறை ஜெயிக்கிற ஆட்டம் இது’ என்று அவர்களுக்குத் தோன்றுகிறது, அதுவும் உண்மைதான். ஆனால் எத்தனை முறை ஜெயிக்கிறோம் என்பது பாதிக் கேள்வி. ஜெயிக்கும்போது எவ்வளவு வருகிறது, தோற்கும்போது எவ்வளவு போகிறது என்பது மீதிக் கேள்வி.

இரண்டையும் தராசில் வையுங்கள்

ஒரு ‘தொடர்’ என்பது பத்தில் தொடங்கி, ஜெயித்தோ ஏழும் தோற்றோ முடியும் வரையிலான ஆட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொடரில் 99.06 சதவீத வாய்ப்போடு 10 அலகு வருகிறது. அதன் எடை 9.91. மீதி 0.94 சதவீத வாய்ப்போடு 1,270 அலகு போகிறது; அதன் எடை 11.96. கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு தொடருக்கும் சராசரியாக 2.05 அலகு நஷ்டம். பத்து அலகு சம்பாதிக்கும் முயற்சி ஒவ்வொன்றுக்கும் இரண்டு அலகு கட்டணம் கட்டுகிறோம் என்று இதைப் படிக்கலாம். கட்டணம் அன்றன்றைக்கு வசூலிக்கப்படாமல், கடனாகச் சேர்ந்து ஒருநாள் மொத்தமாக வசூலிக்கப்படுகிறது என்பதுதான் இதில் உள்ள ஒரே புதுமை.

இந்த இடத்தில் ஒரு சோதனையைச் செய்துபார்ப்பது நல்லது. பச்சைக் குழியே இல்லாத, நாணயம் சுண்டுவது போல் சரிபாதியாகப் பிரிந்த ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் ஏழு முறை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 128இல் ஒன்று. 127 முறை 10 வந்தால் 1,270. ஒரே முறை 1,270 போனால் மிச்சம் பூச்சியம். கணக்கு இம்மி பிசகாமல் சமன்படுகிறது. இரட்டிப்பு முறைக்கென்று சொந்தமாக ஒரு லாபமும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நியாயமான ஆட்டத்தில் அது பூச்சியத்தைத் தருகிறது. ஆட்டத்தில் விடுதிக்கு ஒரு பங்கு இருந்தால் அந்தப் பங்கை அப்படியே நம் தலையில் இறக்குகிறது. பல சின்ன லாபங்களை ஒரு பக்கத்தில் குவித்து, அதற்குச் சமமான நஷ்டத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலைக்குத் தள்ளிவைப்பது மட்டுமே அதன் வேலை.

விடையைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. எந்த முறையைச் சோதிக்கவும் இதுவே சுருக்கமான வழி என்பதால் இதைக் கற்றுவைத்துக்கொள்ள வேண்டும். விடுதிக்குப் போகும் பங்கு, நாம் ஜெயித்தோமா தோற்றோமா என்பதைப் பார்ப்பதில்லை. மேசையில் வைத்த மொத்தத் தொகையை மட்டுமே பார்க்கிறது. ஒரு தொடரில் சராசரியாக எவ்வளவு வைக்கிறோம்? முதல் படியில் 10 கட்டாயம் வைக்கிறோம். இரண்டாம் படிக்குப் போகும் வாய்ப்பு 51.35 சதவீதம், அங்கே வைப்பது 20; மூன்றாம் படிக்குப் போகும் வாய்ப்பு அதிலும் 51.35 சதவீதம், அங்கே வைப்பது 40. இப்படி ஏழையும் பெருக்கிக் கூட்டினால் 75.94 வருகிறது. அதை 37ஆல் வகுத்தால் 2.05. முன்பு வந்த அதே எண்.

ஆக, ‘பத்து அலகு மேசை’யில் உட்கார்ந்திருப்பதாக நினைப்பவர் உண்மையில் தொடருக்கு 76 அலகு வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார். ஒரு தொடர் சராசரியாக இரண்டு சுழற்சிகளில் முடிந்துவிடுவதால், சுழற்சி ஒன்றுக்கு அவர் வைப்பது 37 அலகு, இழப்பது ஓர் அலகு. இரட்டிக்காமல் ஒவ்வொரு முறையும் வெறும் பத்து வைப்பவர் அதே சுழற்சியில் இழப்பது 0.27 அலகுதான். விட்டதைப் பிடிக்க என்று வந்த முறை, ஒன்றும் பிடிக்க முயலாதவரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகப் பணத்தை வெளியேற்றுகிறது.

அந்த நாள் எப்போது வரும்

106இல் ஒன்று என்றால் எங்கோ தொலைவில் இருப்பதாகத் தோன்றும். ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் ஏழு தோல்விகள் அடுத்தடுத்து வருவதற்குச் சராசரியாக 216 சுழற்சிகள் காத்திருந்தால் போதும். மணிக்கு 40 சுழற்சி நடக்கும் மேசையாக இருந்தால் அது ஐந்தரை மணி நேரம். ஒரு மாலை உட்கார்ந்து நள்ளிரவில் எழுந்திருப்பவருக்கு எட்டும் தூரம்தான். ஐந்து மணி நேரத்தில், அதாவது 200 சுழற்சிகளுக்குள், ஏணியிலிருந்து ஒரு முறையாவது விழும் வாய்ப்பு 60 சதவீதம். விழாமல் தப்பிக்கும் மீதி 40 சதவீதத்தினர் ஏறத்தாழ நூறு முறை பத்துப் பத்தாகச் சேர்த்து, ஆயிரம் அலகு அளவில் எடுத்துக்கொண்டு போவார்கள். இதைக் கவனியுங்கள்: தப்பியவருக்குக் கிடைப்பது ஆயிரம், விழுந்தவர் ஒரே அடியில் இழப்பது 1,270, விழுபவர்களே எண்ணிக்கையிலும் கூடுதல். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் சக்கரம் சுழன்று நிற்கும் ஆட்டங்களில் 216 சுழற்சிகள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

ஆனால் வெளியே வந்து பேசுபவர்கள் யார் என்று யோசித்தால், இந்த முறைக்கு இவ்வளவு நற்பெயர் எப்படி வந்தது என்பது விளங்கும். ஒரு மாலை தப்பித்தவர் மறுநாள் எல்லோரிடமும் சொல்கிறார்; விழுந்தவர் அன்று தனக்கு நேரம் சரியில்லை என்று மனத்துக்குள் வைத்துக்கொள்கிறார். இருவரும் ஆடியது ஒரே ஆட்டம்தான்.

வழக்கமாக வரும் மறுப்புகளைக் கணக்கால் சந்திப்பது

‘என்னிடம் இன்னும் அதிகப் பணம் இருந்தால்?’ என்பதுதான் முதலில் வரும் மறுப்பு. அதிகபட்சம் 1,000 என்பதற்குப் பதில் 5,120 வரை ஏற்கும் மேசையையும், 10,230 அலகு கைமுதலையும் எடுத்துக்கொள்வோம். இப்போது பத்துப் படிகள் கிடைக்கின்றன. விழும் வாய்ப்பு 784இல் ஒன்றாகக் குறைகிறது, சந்தேகமில்லை. ஆனால் விழுந்தால் போவது 10,230. மேலே செய்தது போலவே எடைபோட்டால் தொடருக்குச் சராசரி நஷ்டம் 3.06 அலகு. ஏழு படி ஏணியில் அது 2.05ஆக இருந்தது. ஏணியை நீட்ட நீட்ட ஒவ்வொரு பத்து அலகுக்கும் நாம் கட்டும் கட்டணம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. மேலே உள்ள படிகளில் வைக்கும் பெரிய தொகைகளும் சராசரிக்குள் வந்துவிடுவதே காரணம். விபத்து அரிதாவதைப் பாதுகாப்பு என்று நாம் தவறாக எடுத்துக்கொள்கிறோம்.

இதன் தொடர்ச்சியாக, ‘விடுதிக்காரர்கள் உச்சவரம்பு வைத்துத்தான் நம்மைத் தோற்கடிக்கிறார்கள், வரம்பு இல்லாவிட்டால் இந்த முறை வேலை செய்யும்’ என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். இந்த விளக்கத்தை நன்கு படித்தவர்களும் திரும்பச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. வரம்பு இல்லாத மேசையிலும் கைமுதல் என்று ஒன்று இருக்கிறது, அதுவே வரம்பு. கைமுதலும் முடிவில்லாமல் இருந்தால் என்றாவது ஒருநாள் ஜெயிப்பது உறுதி என்பது கணித உண்மை. ஆனால் முடிவில்லாத பணம் வைத்திருப்பவருக்குப் பத்து அலகு எதற்கு என்ற கேள்விக்கு விடையில்லை. வரம்பு விடுதியை ஒரே இரவில் வரும் பெரிய ஏற்ற இறக்கத்திலிருந்து காக்கிறது. அதன் வருமானம் வருவது பச்சைக் குழியிலிருந்து.

அடுத்த மறுப்பு சற்று நுட்பமானது: ‘நான் சும்மா தொடங்க மாட்டேன். கறுப்பு ஐந்தாறு முறை தொடர்ந்து விழும் வரை காத்திருந்து, அதன் பிறகு சிவப்பில் இரட்டிக்கத் தொடங்குவேன்.’ பந்துக்கு நினைவாற்றல் கிடையாது. சென்ற சுற்றில் எங்கே விழுந்தோம் என்று அது எண்ணி வைத்துக்கொள்வதில்லை. கறுப்பு ஐந்து முறை வந்த பிறகும் சிவப்புக்கு 37இல் 18தான். மாண்டே கார்லோ சூதாட்ட விடுதியில் 1913 ஆகஸ்ட் 18 அன்று கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிச் சிவப்பு வந்தே தீர வேண்டும் என்று சுற்றிலும் நின்றவர்கள் தொகையைக் கூட்டிக்கொண்டே போய் லட்சக்கணக்கான பிராங்குகளை இழந்தார்கள். பதினைந்து கறுப்பு விழும் வரை பொறுமையாகக் காத்திருந்து, பதினாறாவது சுழற்சியில் பத்து அலகோடு சிவப்பில் தொடங்கிய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் பதினொரு முறை அடுத்தடுத்துத் தோற்று 20,470 அலகு இழந்திருப்பார். முதல் சுழற்சியிலிருந்தே ஓர் அலகில் தொடங்கி இரட்டித்தவர் இழந்திருக்கக்கூடியது 6,71,08,863 அலகு. காத்திருந்ததால் அவருக்குக் கிடைத்தது, காத்திருந்த நேரத்தில் பந்தயம் வைக்காமல் இருந்த லாபம் மட்டுமே. அந்த லாபம் மெய்யானது என்பதை மறுக்கவில்லை.

‘கொஞ்சம் லாபம் வந்ததும் எழுந்துவிடுவேன்’ என்பது மூன்றாவது. இதற்குப் பழைய சாட்சி ஒருவர் இருக்கிறார். வெனிஸ் நகரில் ரிடோட்டோ என்ற அரசுச் சூதாட்டக்கூடம் இருந்தது. 1754இல், அந்த நகரைச் சேர்ந்த எழுத்தாளர் காசநோவா அங்கே சீட்டாட்டத்தில் இதே இரட்டிப்பு முறையில் ஆடினார். கொண்டாட்டக் காலம் முழுவதும் தினமும் மூன்று நான்கு முறை ஜெயித்ததாகவும், ஆறாவது சீட்டில் ஒருமுறைகூடத் தோற்கவில்லை என்றும், தோற்றிருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்றும் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். பின்னர் அதே முறையில் ஆடித்தான் கையிலிருந்ததை எல்லாம் இழந்தார். அதில் பெரும்பங்கு அவரை நம்பிய ஒரு பெண்ணின் பணம். லாபத்தோடு எழுந்த நாட்கள் அவருக்கு நிறையவே இருந்தன. எழுந்து போனவர் மறுநாள் திரும்பி வந்தால், நேற்று நின்ற இடத்திலிருந்து கணக்கு தொடர்கிறது. இடையில் தூங்கியது பந்துக்குத் தெரியாது.

எப்போது நிறுத்துவது என்ற விதியை எவ்வளவு சாமர்த்தியமாக அமைத்தாலும் சராசரி மாறாது என்பதைக் கணித உலகம் முறைப்படி நிறுவிவிட்டது. சூதாடிகளின் ‘மார்ட்டிங்கேல்’ என்ற சொல்லை 1939இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ழான் வில் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார். பின்னர் அமெரிக்கரான ஜோசப் டூப் அதை ஒரு பெரிய கோட்பாடாக வளர்த்தார். கைமுதலுக்கும் ஆடும் நேரத்துக்கும் எல்லை இருக்கும்வரை, எந்த நிறுத்த விதியாலும் நியாயமான ஆட்டத்தை லாபமான ஆட்டமாக்க முடியாது என்பது அதன் புகழ்பெற்ற தேற்றங்களில் ஒன்று. சூதாட்ட மேசையில் பிறந்த சொல்லே, மேசையில் அந்த முறை பலிக்காது என்று காட்டும் கோட்பாட்டுக்குப் பெயராகிவிட்டதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

இரட்டிப்பதற்குப் பதில் மெதுவாக ஏறும் முறைகளும் உண்டு. தோற்றால் ஓர் அலகு கூட்டி ஜெயித்தால் ஓர் அலகு குறைப்பது தாலம்பேர் முறை. 1, 1, 2, 3, 5, 8 என்ற வரிசையில் ஏறுவது பிபனாச்சி முறை. எண்களை எழுதி இரு முனைகளையும் கூட்டிப் பந்தயம் வைத்து அடித்துக்கொண்டே வருவது லபூஷேர் முறை. இவற்றுக்குத் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. வைத்த மொத்தத் தொகையை விடுதியின் பங்கால் பெருக்குங்கள். அதுதான் சராசரி நஷ்டம். ஏணியின் வடிவம் மாறினால் நஷ்டம் வரும் தினுசு மாறும்.

மற்ற ஆட்டங்களுக்கு இதைக் கொண்டுபோகும்போது சில சிறு வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். பக்கரா என்ற சீட்டாட்டத்தில் வங்கிப் பக்கம் பந்தயம் வைத்தால் விடுதியின் பங்கு 1.06 சதவீதம்தான் என்றாலும், ஜெயிக்கும் தொகையில் வழக்கமாக 5 சதவீதம் தரகாகப் பிடித்துக்கொள்வதால், ஏழாம் படியில் ஜெயித்தவருக்கு 640க்குப் பதில் 608தான் வரும். 630 நஷ்டத்தில் இருப்பவர் ஜெயித்த பிறகும் 22 அலகு நஷ்டத்தில் நிற்பார். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் சிக்கல் வேறு மாதிரியானது. அங்கே சில சீட்டுகள் வந்தால் பந்தயத்தை இரட்டிப்பதும், ஜோடியைப் பிரித்து இரண்டாக ஆடுவதும்தான் சரியான ஆட்டம். அதற்கு அதே அளவு பணம் இன்னொரு மடங்கு கையில் இருக்க வேண்டும். ஏணியின் உச்சியில் இருந்த பணத்தையெல்லாம் வைத்துவிட்டவருக்கு, நல்ல சீட்டு வந்தாலும் அதைச் சரியாக ஆட வழியில்லை.

ஒரே அடியா, நூறு அடியா

இவ்வளவுக்குப் பிறகும், ‘என்னிடம் 1,270 இருக்கிறது, அதை இரண்டு மடங்காக்க வேண்டும்’ என்று ஒருவர் பிடிவாதமாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். இரட்டிப்பு முறையில் அதைச் செய்ய 127 தொடர்களை ஒன்றுகூடத் தவறாமல் ஜெயிக்க வேண்டும். 0.9906 என்ற எண்ணை 127 முறை பெருக்கினால் 0.30 வருகிறது, பத்துக்கு மூன்று வாய்ப்பு. அதே 1,270ஐ, ஏற்கும் மேசை கிடைத்தால், ஒரே சுழற்சியில் சிவப்பின் மேல் மொத்தமாக வைத்துவிட்டால் வாய்ப்பு 48.65 சதவீதம். எச்சரிக்கையான, படிப்படியான முறை என்று தோன்றுவது, கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் வைக்கும் முரட்டு ஆட்டத்தைவிட மோசமாக முடிகிறது. காரணம் பழையதுதான்: முரட்டு ஆட்டக்காரர் மேசையில் வைப்பது ஒரே முறை 1,270, படிப்படியாக ஆடுபவர் அதே இலக்கை அடைவதற்குள் ஆயிரக்கணக்கான அலகுகளைப் பச்சைக் குழிக்கு முன்னால் திரும்பத் திரும்ப நடக்கவிடுகிறார். இப்படிச் சொல்வதால் ஒரே அடியில் வைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிலும் நஷ்டப் பக்கம்தான் கனமானது.

விரிதாளில் ஓட்டிப் பார்ப்பது

காகிதக் கணக்கை மனம் ஏற்க மறுப்பது இயல்புதான். அதற்கு மருந்து, பணம் வைக்காமல் ஆயிரம் சுழற்சிகள் ஆடிப் பார்ப்பது. ஏதாவது ஒரு விரிதாள் மென்பொருளைத் திறந்து, நான்கு பத்திகள் ஏற்படுத்துங்கள். முதல் பத்தியில் 0 முதல் 36 வரை தற்செயலாக ஒரு முழு எண்ணைத் தரும் சார்பைப் போடுங்கள். 1 முதல் 18 வரை வந்தால் வெற்றி, பூச்சியமோ 19க்கு மேலோ வந்தால் தோல்வி. சக்கரத்தில் சிவப்பு எண்கள் இப்படி வரிசையாக இல்லை என்றாலும், எண்ணிக்கை 18ஆக இருப்பதால் நிகழ்தகவு மாறாது. இரண்டாம் பத்தியில் பந்தயத் தொகை: முதல் வரிசையில் 10, அடுத்த வரிசைகளில், முந்தைய வரிசை வெற்றியானால் 10, தோல்வியானால் முந்தைய தொகையின் இரு மடங்கு, முந்தைய தொகை 640ஆக இருந்து அதுவும் தோற்றிருந்தால் மீண்டும் 10. மூன்றாம் பத்தியில் அந்தச் சுழற்சியின் லாபமோ நஷ்டமோ; நான்காம் பத்தியில் அதுவரையிலான கூட்டுத்தொகை. இதை ஆயிரம் வரிசைகளுக்கு இழுத்து, நான்காம் பத்திக்கு ஒரு வரைபடம் போடுங்கள்.

நான் முதன்முதலில் இதை ஓட்டியபோது முந்நூறு வரிசைகள் வரை ஒரு சரிவும் இல்லை. கோடு மாடிப்படி போல் சீராக ஏறி 1,500ஐத் தாண்டியது. சூத்திரத்தைத் தவறாக எழுதிவிட்டேனோ என்றுதான் முதலில் சந்தேகம் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தச் சந்தேகத்துக்கு ஒரு நொடி முன்னால் வேறொரு ஆசையும் வந்துபோனது. அதன் பிறகு கோடு செங்குத்தாக இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. ஒரு தடவை பார்த்து முடிவு கட்ட வேண்டாம். மறுகணக்கீடு செய்யும் விசையை முப்பது நாற்பது முறை தட்டி, ஒவ்வொரு முறையும் ஆயிரமாவது வரிசையில் நிற்கும் தொகையைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆயிரம் சுழற்சிகளில் சராசரியாக 486 வெற்றிகள் 4,865 அலகைக் கொண்டுவரும்; நான்கு அல்லது ஐந்து சரிவுகள் 5,870 அலகைக் கொண்டுபோகும். சில ஓட்டங்கள் மூவாயிரம் லாபத்தில் முடியும், சில ஐயாயிரம் நஷ்டத்தில் முடியும். குறித்த எண்களின் சராசரி, ஓட்டங்கள் கூடக் கூட, ஆயிரம் அலகு நஷ்டத்தை நோக்கி நகரும்.

அது முடிந்ததும் இரண்டாம் பத்தி முழுவதையும் அழித்து எல்லா வரிசைகளிலும் 10 என்று போட்டு, அதே விசையை மறுபடி தட்டிப் பாருங்கள். மாடிப்படியும் இருக்காது, செங்குத்துச் சரிவும் இருக்காது. சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த, நடுங்கும் ஒரு கோடு, சராசரியாக 270 அலகு நஷ்டத்தில் போய் நிற்கும். வரைபடத்தின் செங்குத்து அளவுகோலை இரண்டுக்கும் ஒன்றாக வைக்க மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் மென்பொருள் தானாகவே இரண்டையும் ஒரே உயரத்துக்கு இழுத்துக் காட்டிவிடும்.